பத்து மரத் தூரம்

காஜாங்கில் இருக்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி எப்போதும் சாத்தே பற்றித்தான். வெளியூர் நண்பர்கள் யார் வந்தாலும் ராத்திரி கடைசியில் சாத்தே கடையில்தான் முடியும். கோழி, மாடு, ஆடு, முயல் என்று போகும் பட்டியலில் ‘ரூசா’ என்றும் ஒன்று உண்டு. மான்.

போன தீபாவளிக்கு மறுநாள் தாத்தாவை அந்த மாதிரி ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். அவருக்குக் கோழி, எனக்கு ரூசா ஐந்து குச்சி. தட்டு வந்ததும் ஒரு குச்சியை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

“அது வேணாம்யா. நான் அதத் தொடறதில்ல.”

“ஏன் தாத்தா, சாமி கும்பிட்டீங்களா?”

“அதெல்லாம் இல்ல. ஒன்ன கெடுத்துட்டோம். அதோட விட்டாச்சு.”

எண்பத்திரண்டு வயசு. காஜாங்கிலிருந்து செமினி போகும் வழியில் இருந்த ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று தாமானாகிவிட்டது. அவர் இருந்த லயம் நின்ற இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது. 1970 வாக்கில், தோட்டத்து ஜாகாவிடம் லைசென்ஸ் வாங்கிய ஒரு செனப்பாங் இருந்ததாம். நடுவில் மடியும் ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர். பன்றி விரட்டக் கொடுத்த துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் சேர்ந்து காட்டோரம் போவார்கள். தாத்தாவுக்குத் தடம் பார்க்கத் தெரியும், அதனால் அவரும் போவார்.

ஒரு சாயங்காலம் பன்றிக்குப் பதிலாக ரூசா நின்றது. பெரிய கிடா. காடும் பால்மரமும் சேரும் இடத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றது.

“எவ்ளோ தூரம் இருக்கும்?”

“பத்து மரம்.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். தோட்டத்தில் யார் கையில் டேப் இருந்தது? மரத்துக்கு மரம் இருபது அடி என்று ஒரு கணக்கு, அதில்தான் எல்லாத் தூரமும் சொல்வார்கள். பத்து மரம் என்றால் இருநூறு அடி, ஏறக்குறைய அறுபது மீட்டர்.

“நாலு மரத்துக்குள்ள வரணும். நாலு மரத்துல நின்னா செனப்பாங் பேசும். பத்து மரத்துல நின்னா சத்தம்தான் போகும். நான் சொன்னேன், விடுண்ணே, கிட்ட வரட்டும்னு. அவரு கேக்கல. அன்னிக்கி ஆச.”

சத்தத்தைவிட அதிகமாகவே ஏதோ போயிருக்கிறது. மான் ஒரு குலுக்கு குலுங்கிவிட்டு ஓடியது. இலையில் ரத்தம் இருந்தது, கொஞ்சம்தான். இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் பெரட்டு முடிந்து மரம் வெட்டிவிட்டுத் திரும்பவும் தேடினார்கள். மூன்றாம் நாள் ஓடைக்கரையில் நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். வயிற்றில் ரெண்டு ரவை.

“மூணு நா உசுரோட கெடந்திருக்கு. தண்ணி குடிக்க வந்து அங்கியே படுத்துருச்சு.”

சொல்லிவிட்டுக் கோழியைக் கடலைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். என் தட்டில் இருந்த மூன்று குச்சியை நானும் சாப்பிடவில்லை.

*

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். காஜாங்கிலேயே படித்து, இப்போது உலோக பாகங்கள் கடையும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். என் வேலையின் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: ஒரு இயந்திரம் செய்த மிகச் சிறந்த பாகத்தை வைத்து அந்த இயந்திரத்தை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. ஐம்பது பாகத்தையும் அளந்து, அவை எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்துத்தான் சரி சொல்வோம். அந்தச் சிதறலின் ஓரத்தில் கிடக்கும் ஒரு பாகம்தான் எங்கேயோ போய் யாருடைய பிரேக்கிலோ உட்காரும்.

தாத்தா சொன்னது மனசைவிட்டுப் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. படிக்கும் காலத்தில் நண்பன் ஒருவனின் அப்பா தயவில் ஒரு துப்பாக்கிச் சுடும் மன்றத்தில் ஏர் பிஸ்டல் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பத்து மீட்டர். பத்து சூடு. ஒன்று நட்ட நடுவில், 11.5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் போய் விழுந்தது. அதை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். மீதி ஒன்பது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தாத்தாவை வீட்டில் விட்டுவிட்டு வந்த ராத்திரி அதைத் தேடி எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மேலே இருக்கும் ஓட்டைக்கும் கீழே இருக்கும் ஓட்டைக்கும் பதினாலு சென்டிமீட்டர்.

ஒரு பெரிய மானின் நெஞ்சுக்குள் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் வட்டம். அங்கே பட்டால் மான் சில நொடிகளில் விழும். அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பட்டால் வயிறு. வயிறு என்றால் ஓடைக்கரை, மூன்று நாள்.

சிதறல் தூரத்தோடு நேர்விகிதத்தில் விரியும். பத்து மீட்டரில் பதினாலு என்றால் ஐம்பது மீட்டரில் எழுபது. இருபது சென்டிமீட்டருக்குள் என் பத்து சூடும் அடங்க வேண்டுமென்றால் நான் நிற்க வேண்டியது பதினாலு மீட்டரில். தாத்தா கணக்கில் ரெண்டேகால் மரம். அதுவும் விளக்கு வெளிச்சத்தில், வியர்க்காத கையோடு, அசையாத அட்டையைப் பார்த்துச் சுட்ட கணக்கு.

கைத்துப்பாக்கி ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்குக் காரணம் எளிய வடிவகணிதம். குழலின் முனையில் ஒரு முன்குறி, பிடிக்குப் பக்கத்தில் ஒரு பின்குறி. ஒரு பெரிய ரிவால்வரில் இரண்டுக்கும் நடுவே சுமார் இருபது சென்டிமீட்டர்தான் இருக்கும். சாதாரண ரைபிளில் அறுபது என்று வைத்துக்கொள்வோம். குறி பார்க்கும்போது முன்குறி வெறும் அரை மில்லிமீட்டர் விலகினால், அதாவது நாலைந்து தாள் கனம் விலகினால், ரைபிள் ஐம்பது மீட்டரில் நாலு சென்டிமீட்டர் தவறும். ரிவால்வர் பன்னிரண்டரை தவறும். வட்டத்தின் ஆரம் பத்து. ரைபிள் வைத்திருப்பவனின் அதே கை நடுக்கம் கைத்துப்பாக்கியில் மூன்று மடங்காகிறது. அதோடு ரைபிளுக்குத் தோள் இருக்கிறது, கன்னம் இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது. கைத்துப்பாக்கி காற்றில் நீட்டிய கையின் நுனியில் இருக்கிறது.

உலகத்தில் இதை நன்றாகச் செய்யக்கூடியவர்களின் அளவு என்ன? ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிக்கு இருந்த மிக நீண்ட தூரம் ஐம்பது மீட்டர். 2016 ரியோவோடு அந்தப் போட்டியே போய்விட்டது. அதன் இலக்கு அட்டையில் கறுப்பாக இருக்கும் பகுதியின் விட்டம் சரியாக இருபது சென்டிமீட்டர். யாரும் மானை நினைத்து அந்த அளவை வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அது மானின் நெஞ்சாகத்தான் தெரிகிறது.

*

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, படித்த இரண்டு கதைகள் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன.

ஒன்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கேட்ட வல்வில் ஓரி. கொல்லிமலைத் தலைவன். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் அவன் விட்ட ஓர் அம்பைப் பற்றிச் சொல்கிறார். அது யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தங்குகிறது. அந்த வேட்டையைப் பார்த்த பாணர்களுக்கு ஓரி மான் இறைச்சியும் கள்ளும் பொன்னும் தருகிறான். தமிழில் மிகப் பிரபலமான சூடு அதுதான்.

இன்னொன்று அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் வாழ்ந்த எல்மர் கீத். கவ்பாய் தொப்பி, பெரிய சுருட்டு. கைத்துப்பாக்கியால் பெரிய விலங்குகளை வேட்டையாடலாம் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர். 1955-ன் கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கொண்டுவந்த .44 மேக்னம் ரிவால்வருக்குப் பின்னால் அவருடைய வற்புறுத்தல் பெரும் பங்கு வகித்தது. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சூடு ஒன்று உண்டு: 600 கெஜத் தூரத்தில் ஒரு மானை ரிவால்வரால் அடித்தார் என்பது. அறுநூறு கெஜம் ஏறக்குறைய 550 மீட்டர், தொண்ணூறு மரம். அந்தத் தூரத்துக்குள் ரிவால்வர் குண்டு பத்து மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். அரை மில்லிமீட்டர் குறி விலகினால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் தவறும்.

கீத் எழுதியதை முழுசாகப் படித்தால் கதை வேறு. அந்த மானை முதலில் ரைபிளால் காயப்படுத்தியது அவரோடு வந்த இன்னொருவர். அது நொண்டிக்கொண்டு தப்பிப் போனது. விட்டால் எங்கேயாவது போய்ச் சாகும் என்பதால்தான் கீத் ரிவால்வரை எடுக்கிறார். முதல் குண்டுகள் வீண். அவை விழுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றிப் பிடித்துச் சுட்டுத்தான் படுகிறது. ஒரு தவறைச் சரிசெய்ய நடந்த சூடு அது. ஆனால் ரசிகர்கள் காயம்பட்ட மானை மறந்துவிட்டார்கள். வீணான குண்டுகளையும் மறந்துவிட்டார்கள். அறுநூறு மட்டும் மிச்சம்.

நான் இன்ஸ்டாகிராமில் செய்ததும் இதைத்தான். புகழ் ஒருவனின் சிறந்த சூட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஓரி வாழ்நாளில் விட்ட மற்ற அம்புகள் எந்தெந்த மிருகத்தின் வயிற்றில் போய் நின்றன என்று கேட்க எந்தப் பாணனும் இல்லை. எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்பதை ஒருவன் தன் மோசமான சூட்டை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். தாத்தாவின் நாலு மரம் அப்படிப் பிறந்த அளவு.

*

கைத்துப்பாக்கி வேட்டைக்குள் எப்படி வந்தது என்று தேடிப் போனால், அதன் ஆரம்பமே நம்ம பக்கத்தில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் யானைமேல் அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டைக்குப் போனபோது இடுப்பில் ஒரு கனத்த கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வார்கள். இரட்டைக் குழல், சில நேரம் பெரிய ரைபிளையே வெட்டிக் குட்டையாக்கியது. ‘ஹௌடா பிஸ்டல்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஹௌடா என்றால் அம்பாரி. புலி யானையின் மத்தகத்தில் பாய்ந்து ஏறிவிட்டால் சுடுவதற்கு. அதாவது, வேட்டையில் கைத்துப்பாக்கிக்குக் கொடுக்கப்பட்ட முதல் தூரம் ஒரு கை நீளம். வேட்டையாடும் வேலையை ரைபிள் செய்தது.

பிறகு வந்த சட்டங்களும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கைத்துப்பாக்கியை நிறுத்தின. பிரிட்டனில் 1991-ன் மான் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரும்பாலான மானினங்களைச் சுடும் ரைபிளின் குண்டு குழலைவிட்டுக் கிளம்பும்போது குறைந்தது 1,700 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். .44 மேக்னத்துக்கே சுமார் 900, 1,000 தான் வரும். 1997-ல் அங்கே கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தபோது விட்டுவைத்த சில விலக்குகளில் ஒன்று, காயம்பட்ட விலங்கைப் பக்கத்தில் போய்த் துன்பமில்லாமல் முடிப்பதற்கானது. அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வேட்டைக்குப் பல மாநிலங்களில் அனுமதி உண்டு, ஆனால் அங்கேயும் அளவு வைத்திருக்கிறார்கள். கொலராடோவில் பெரிய விலங்குக்கான கைத்துப்பாக்கிக் குண்டுக்கு 50 கெஜத்தில் 550 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும். ஐம்பது கெஜம், ஏழரை மரம். அங்குள்ள அனுபவசாலி வேட்டைக்காரர்கள் சாதாரணக் குறி வைத்த ரிவால்வருக்குச் சொல்லும் எல்லையும் பொதுவாக அதுதான். தொலைநோக்கி பொருத்தி, முட்டுக்கொடுத்துச் சுடுபவர்கள் நூறுவரை போவார்கள். எல்லோரும் சேர்க்கும் நிபந்தனை ஒன்று: காட்டில் நிற்கிற நிலையில், எல்லாச் சூடும் அந்த வட்டத்துக்குள் விழும் தூரம்தான் உன் தூரம்.

இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய பிரிவு ஒன்றைப் படித்தபோது தாத்தாவின் கதையைப் படிப்பதுபோல இருந்தது. கடமானும் புள்ளிமானும் அப்போது ‘பெரிய வேட்டை விலங்கு’ பட்டியலில் இருந்தன. அவற்றை ரைபிளால் மட்டுமே சுடலாம். உரிமத்தில் தனியாக அனுமதி இருந்தால் மட்டும் ஒற்றைக் குண்டு போட்ட ஷாட்கன். ரவை கூடாது. கைத்துப்பாக்கிக்குப் பேச்சே இல்லை. ராத்திரியில் கூடாது, விளக்கடித்துச் சுடக் கூடாது, விலங்கு தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் கூடாது. 1991-ல் உரிம வேட்டையே நிறுத்தப்பட்டபோது இந்தப் பிரிவும் நீக்கப்பட்டது.

ரவை ஏன் கூடாது என்பது தாத்தாவுக்கு எந்தச் சட்டமும் படிக்காமல் தெரிந்திருக்கிறது. ஜாகா போட்டது எஸ்.ஜி தோட்டா, உள்ளே ஒன்பது உருண்டை. ஒவ்வொரு கெஜத்துக்கும் ஓர் அங்குலம் விரியும் என்பது வேட்டைக்காரர்களின் தோராயக் கணக்கு. நாலு மரத்தில் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விரியும், மூன்று நாலு ரவை நெஞ்சில் இறங்கும். பத்து மரத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் வட்டத்தில் ஒன்பது ரவை. மான் முழுசாக அந்த வட்டத்துக்குள் நின்றாலும் நெஞ்சில் ஒன்றுகூட விழாமல் போகலாம். வயிற்றில் ரெண்டு விழலாம்.

*

காஜாங் இந்தக் கதைக்குள் வருவது சாத்தேயால் மட்டும் இல்லை. 1895-ல் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார்கள். நாட்டின் முதல் ரப்பர் தோட்டங்களில் ஒன்று அது. பிறகு வந்த முப்பது வருஷத்தில் உலு லங்காட் காடு வரிசை வரிசையாகப் பால்மரமானது. வெட்டத் தமிழர்கள் கப்பலில் வந்தார்கள். காடு பின்வாங்கிய ஒவ்வொரு அடியிலும் ஓர் ஓரம் உருவானது. ரூசாவுக்கு அந்த ஓரம் பிடிக்கும், இளங்கன்றுகள் கிடைக்கும். துரைகள் கன்று நாசமாகிறது என்று புகார் சொன்னார்கள், துப்பாக்கிகள் வந்தன.

அந்தப் புகார்களை எல்லாம் உட்கார்ந்து கேட்டவர் தியோடர் ஹப்பேக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் மஸ்ஜிட் ஜாமெக்கையும் வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக்கின் தம்பி. 1905-ல் யானை, செலாடாங் வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். சுட்டு அலுத்தோ, சுட்டதைப் பார்த்து மனம் மாறியோ, பிற்காலத்தில் மலாயாவின் மிருகங்களுக்காகச் சண்டை போடும் ஆளானார். 1930-ல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, 1932-ல் மூன்று தொகுதியாக அறிக்கை கொடுத்தார். இன்றைய தாமான் நெகாரா, 1938-39-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவாக உருவானதில் அவர் உழைப்பு பெரியது. 1942-ல், ஜப்பானியர் காலத்தில் இறந்தார்.

ஹப்பேக் மாதிரி ஆட்களின் வேட்டை அறத்தை நான் முழுசாகக் கொண்டாடப் போவதில்லை. 1879-ல் சென்னை மாகாணத்தில் வந்த நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் தொடங்கி இங்கே வந்த விதிகள்வரை, உரிமமும் பருவமும் வைத்தவர்கள் முதலில் தங்கள் விளையாட்டைத்தான் காப்பாற்றிக்கொண்டார்கள். உரிமம் வைத்திருந்த துரை ‘வேட்டைக்காரர்’, சாப்பாட்டுக்கு ஒரு கேளையாடு பிடித்த கூலி ‘திருடன்’. ஆனாலும் அந்த விதிகளுக்குள் ஒரு நியாயமான விஷயம் இருந்தது. உன்னால் எது முடியும் என்பதை நீயே தீர்மானிக்காதே, வெளியே ஓர் அளவு இருக்கட்டும் என்பது.

நம் ஆட்களுக்குக் கைத்துப்பாக்கி என்ற சாமானே வேட்டையோடு சேர்ந்து வரவில்லை. தாத்தா ‘பிஸ்தோலு’ என்று சொல்லும்போது இன்றும் குரலைத் தாழ்த்துவார். ஏன் என்று கேட்டால், “எங்கப்பா காலத்துல அதுக்கு ஆளையே தூக்குல போட்டானுங்கய்யா” என்பார். அவர் சொல்வது எஸ்.ஏ. கணபதி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானவர். 1948 ஜூனில் அவசரகாலம் வந்ததும் அனுமதியில்லாத துப்பாக்கிக்குத் தண்டனை மரணம் என்றாக்கினார்கள். 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் கணபதி பிடிபட்டார். குற்றச்சாட்டு ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தத் துப்பாக்கி யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டில்லை. காஜாங்கும் செமினியும் அப்போது கெரில்லாக்கள் நடமாடிய பகுதி. லயத்தில் பட்டாசு வெடிக்கவே பயப்படுவார்களாம்.

ஆக, அமெரிக்காவில் கீத் ரிவால்வரால் மான் அடிப்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே ரிவால்வர் என்பது தூக்குக் கயிறு. எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது பன்றி விரட்டும் செனப்பாங் மட்டும்தான். டச்சுக்காரர்களின் ‘ஸ்னாப்ஹான்’ மலாயில் செனப்பாங் ஆனது. பெயர் அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்கிறது, அதன் ரவை நாலு மரம்தான் போகும்.

*

ஓரியின் அம்பைப் பாடிய நம் மரபு மோசமான சூட்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. நான்தான் அதை வேட்டைக் கதையாக வாசித்ததில்லை.

தசரதன் சத்தத்தை வைத்தே குறி தப்பாமல் அடிக்கக்கூடிய வில்லாளி. இருட்டில், ஆற்றங்கரையில், யானை தண்ணீர் குடிக்கும் சத்தம் என்று நினைத்து அம்பு விடுகிறான். குறி தப்பவில்லை. பட்டது, பார்வையில்லாத பெற்றோருக்குக் குடத்தில் தண்ணீர் மொள்ள வந்த பையன்மேல். ராமாயணம் முழுக்க அந்த ஒரு சூட்டின் நிழல் விழுகிறது. மகாபாரதத்தின் முடிவில் ஜரா என்ற வேடன் காட்டில் படுத்திருந்த கண்ணனின் பாதத்தை மான் என்று நினைத்து அம்பு விடுகிறான். இரண்டு பேருமே குறி பார்ப்பதில் தவறவில்லை. எதன்மேல் குறி வைக்கிறோம் என்று பார்க்காமல் விட்டார்கள். 1972 சட்டம் ராத்திரியையும் விளக்கையும் தண்ணீர்த் துறையையும் ஒரே மூச்சில் தடுத்ததை இப்போது யோசித்தால், தசரதனைத் தெரிந்த யாரோ எழுதினதுபோல இருக்கிறது.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். விடியாத நேரத்தில் நெத்தியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகும் ஆளுக்கு இது புதுசில்லை. விளக்கடித்து மான் தேடுகிறவன் தூரத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் அது கண்ணா, ஆளின் விளக்கா என்று எப்படித் தெரியும்? “நாங்க பாட்டு பாடிக்கிட்டேதான் போவோம். பேய்க்குன்னு நெனச்சியா? செனப்பாங்குக்கு.”

கிட்டப் போவதால் சூடு மட்டும் சரியாவதில்லை. நாலு மரத்தில் நின்றால் அது என்னவென்று தெரியும். ஆணா பெண்ணா, குட்டி பக்கத்தில் நிற்கிறதா, பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெரியும். அது தலையைத் தூக்கினால் அதன் கண் தெரியும். சுடாமல் விடுவதற்கும் அவ்வளவு கிட்டப் போனால்தான் முடியும்.

*

ரூசா என்ற மலாய்ச் சொல்தான் இன்று அறிவியலில் அந்த மானினத்தின் பேரினப் பெயர். கடமானை உலகம் முழுக்க ‘ரூசா யூனிகலர்’ என்கிறார்கள். பெயர் கொடுத்த நாட்டில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. 2009-ல் தீபகற்ப மலேசியாவில் ரூசாவுக்கும் கிஜாங்குக்கும் வேட்டை உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள், பிறகு அதை நீட்டித்தார்கள். காட்டில் புலிக்குச் சாப்பாடு இல்லை என்பது முக்கியக் காரணம். 2020-ல் முடிந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் தீபகற்பத்தில் 150-க்கும் குறைவான புலிகளே மிச்சம் என்று தெரிந்தது. சாத்தே கடையில் நான் சாப்பிட்டது இந்தக் காட்டு மான் இல்லை, பண்ணை மானோ இறக்குமதியோதான்.

அதனால் இந்த ஊரில் இப்போது எவ்வளவு தூரத்தில் நின்று மானைச் சுடலாம் என்று கேட்டால், பதில் எந்தத் தூரத்திலும் கூடாது என்பதுதான். எனக்கு அது வருத்தமில்லை. ஆனால் நாலு மரம் என்ற அளவு அதோடு போய்விடக் கூடாது என்று தோன்றுகிறது. அதைத் தாத்தா எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தார். அவர் பேச்சைக் கேட்காத ஜாகாவைப் பற்றி அவர் ஒருநாளும் திட்டிப் பேசியதில்லை. “கெடுத்துட்டோம்” என்றுதான் சொல்கிறார். சுட்டது அவர் இல்லை.

இன்ஸ்டாகிராமில் இருந்த அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். பத்து ஓட்டையும் தெரிகிற முழு அட்டையை என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் வேலையில் புதுசாகச் சேர்ந்த பையன் ஒருவன் பார்த்துவிட்டு, “அண்ணே, நடுவுல ஒண்ணு செமயா அடிச்சிருக்கீங்க” என்றான். கீழே ஓரத்தில் இருக்கும் ஓட்டையைக் காட்டி, இதுவும் நான் அடிச்சதுதான் என்றேன்.